சொல்லாமல் ஸ்டீரியோவுக்கு இறங்கிவிடும் 5.1: பைப்வயர் பற்றி

பைப்வயர் நல்ல மென்பொருள். லினக்ஸில் ஒலிக்கென்று நான் பயன்படுத்தியவற்றில் இதுதான் முதலிடம். ஆனால் ஆறு ஸ்பீக்கர் வைத்துப் படம் பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. 5.1, அதாவது ஆறு சேனல் ஒலி, போய் இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆகிவிட்டால் யாரும் நமக்குச் சொல்வதில்லை. முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். பின்னால் இருப்பவை பேசவில்லை என்பது பாதிப் படத்தில்தான் உறைக்கும்.

எங்கள் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் சில டெசிபல் ஏற்றி வைத்துவிட்டால், பின்னணி இசை எவ்வளவு முழங்கினாலும் அவருக்குப் பேச்சு புரிகிறது. ஸ்டீரியோவுக்கு இறங்கிய நாளில் வசனமும் இசையும் ஒரே இரண்டு ஸ்பீக்கரில் கலந்து வரும். "என்னடா சொல்றான்?" என்று கேட்க ஆரம்பிப்பார். அதனால் இந்த விமர்சனத்தில் தாமதம் எத்தனை மில்லிசெகண்ட், எத்தனை கருவிகளை இணைக்கலாம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ஆறு சேனலும் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக வருகிறதா என்பதுதான் கேள்வி.

என் அமைப்பு எளிமையானது. கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் ரிசீவருக்குப் போகிறது, ரிசீவரிலிருந்து இன்னொன்று டிவிக்கு. எச்டிஎம்ஐ வழியாக எட்டு சேனல் வரை சுருக்கப்படாத ஒலியை அனுப்ப முடியும் என்பதால், 5.1-க்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

முன்பு பைப்வயரின் இடத்தில் பல்ஸ் ஆடியோ இருந்தது. 2004-இல் தொடங்கிய திட்டம் அது, லென்னார்ட் பொட்டரிங் எழுதியது. விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயரை 2021-இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் வெளியீடு தன் இயல்பான ஒலி அமைப்பாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு உபுண்டு 22.10-உம் மாறியது. 2023 நவம்பரில் பைப்வயரின் 1.0 பதிப்பு வந்தது. நான் மாறியபோது கவனித்த முதல் விஷயம், பழைய செயலிகள் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை என்பது. பல்ஸ் ஆடியோவுக்காக எழுதப்பட்டவை பைப்வயர்-பல்ஸ் என்ற பகுதியோடு பேசிக்கொள்கின்றன. ஒலி அமைப்புகளை மாற்றும் சாளரமான பாவுகண்ட்ரோல் கூட அப்படியே வேலை செய்கிறது. இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு அமைதியாகச் செய்து முடித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, 5.1 ஏன் காணாமல் போகிறது? பழி வழக்கமாகப் பைப்வயர் மேல் விழுகிறது. பாதி நேரம் காரணம் அதற்குக் கீழே இருக்கிறது. லினக்ஸின் மையமான கர்னலுக்குள் இருந்து ஒலிக் கார்டை இயக்குவது அல்சா. அதற்கு மேலே ஒலியைக் கலந்து கடத்துவது பைப்வயர். எந்தக் கார்டை எந்த வடிவத்தில் திறப்பது என்று முடிவெடுப்பது வயர்ப்ளம்பர். எச்டிஎம்ஐ-யில் இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொரு பேச்சுவார்த்தை நடக்கிறது. கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவி "எனக்கு இத்தனை சேனல் தெரியும், இந்த வடிவங்கள் தெரியும்" என்று ஒரு தகவலைக் கணினிக்குத் தருகிறது. அதிலுள்ள ஒலி விவரத்தை இஎல்டி என்பார்கள். அல்சா அதை அப்படியே நம்புகிறது. இரண்டு சேனல் என்று வந்தால், இரண்டுக்கு மேல் திறக்க விடாது.

ரிசீவர் விழித்திருக்கும்போது எட்டு என்று சரியாகச் சொல்லும். சிக்கல் ஸ்டாண்ட்பையில் இருக்கிறது. அணைத்து வைத்திருந்தாலும் படத்தை டிவிக்குக் கடத்திவிடும் வசதி பல ரிசீவர்களில் உண்டு. அந்த நிலையில் அது தன் திறனைச் சொல்லாமல், டிவியின் திறனைக் கணினிக்குக் காட்டலாம். என்னுடையது அப்படித்தான் செய்கிறது. டிவி சொல்வது இரண்டு சேனல். அந்த நேரம் பார்த்துக் கணினி துவங்கி, கார்டு சோதிக்கப்பட்டால், கார்டை எந்த வடிவத்தில் திறக்கலாம் என்று காட்டும் ப்ரொஃபைல் பட்டியலில் 5.1 இடம்பெறவே இடம்பெறாது. அப்புறம் ரிசீவரை ஆன் செய்தாலும் பழைய பட்டியலே தங்கிவிடும். பாவுகண்ட்ரோலின் கடைசித் தாவலைத் திறந்து, நேற்று இருந்த சரவுண்ட் இன்று எங்கே என்று தேடுகிறவர்களில் நிறையப் பேர் மாட்டியிருப்பது இங்கேதான்.

இதை ஊகிக்கத் தேவையில்லை, நேரடியாகப் பார்த்துவிடலாம். ப்ராக் என்ற கோப்புறைக்குள் அசவுண்ட், அதற்குள் கார்டின் பெயர், அதற்குள் இஎல்டி என்று தொடங்கும் கோப்புகள். உள்ளே கருவியின் பெயர் இருக்கும், ஒவ்வொரு வடிவத்துக்கும் எத்தனை சேனல் என்று இருக்கும். ரிசீவரின் பெயருக்குப் பதில் டிவியின் பெயர் இருந்தாலோ, எல்பிசிஎம், அதாவது சுருக்கப்படாத ஒலி, வரிசையில் 2 என்று இருந்தாலோ, நோய் கேபிளின் அந்தப் பக்கம். பைப்வயரின் அமைப்புகளில் கை வைத்துப் பயனில்லை. ரிசீவரின் மெனுவில் அந்த ஸ்டாண்ட்பை வசதியை அணைத்தேன். அதன்பிறகு ரிசீவரை முதலில் ஆன் செய்துவிட்டுக் கணினியை எழுப்பும் பழக்கம் வந்துவிட்டது. வரிசை மாறிப்போனால் வயர்ப்ளம்பர் சேவையை மட்டும் பயனர் மட்டத்தில் மறுதொடக்கம் செய்தால் போதும். கார்டு புதிதாகச் சோதிக்கப்பட்டு 5.1 பட்டியலுக்குத் திரும்பும். கணினியையே அணைத்துப் போட வேண்டியதில்லை.

இஎல்டி எட்டு என்று சொல்லியும் ஸ்டீரியோவாகவே வருகிறது என்றால், அப்போது வயர்ப்ளம்பரைப் பார்க்கலாம். தானாகத் தேர்ந்தெடுக்கும்போது அது எச்டிஎம்ஐ ஸ்டீரியோவைத்தான் முதலில் எடுக்கிறது. நாமே ஒருமுறை 5.1-ஐத் தேர்ந்தெடுத்தால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் ப்ரொஃபைலின் பெயரும் மாறிவிடும், அந்த நினைவு பொருந்தாது. அதனால் கேபிளை இடம் மாற்றிய பிறகு மறுபடி ஒருமுறை தேர்ந்தெடுத்துவிடுங்கள். பட்டியலில் ப்ரோ ஆடியோ என்றும் ஒன்று இருக்கும். சேனல் எல்லாம் கிடைக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். எது நடு, எது பின் என்ற அடையாளம் அதில் இல்லை. ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கானது அது.

நான் இதில் உண்மையிலேயே வருத்தப்படும் இடம் ஒன்று உண்டு. 2024-இல் வந்த வயர்ப்ளம்பர் 0.5 பதிப்பு, லூவா மொழியில் எழுதிவந்த அமைப்புக் கோப்புகளைக் கைவிட்டு வேறு வடிவத்துக்கு மாறியது. மாற்றம் நல்லதுதான், புதிய வடிவம் படிக்கவும் எளிது. ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாம் ஒரே நாளில் செல்லாதவை ஆகின. அவற்றைப் பார்த்து எழுதிய கோப்பைப் புதிய பதிப்பு படிக்காது. எழுதியவருக்கோ தன் அமைப்பு நடைமுறையில் இருப்பதாகவே நினைப்பு. ஏதாவது வழிகாட்டியைப் பின்பற்றும் முன் அது 0.5-க்கு உரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லூவா கோப்பு எழுதச் சொன்னால் அது பழையது.

அடுத்தது, ஒலி தொடங்கும்போது முதல் சொல் விழுங்கப்படுவது. படத்தை நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினால் "எங்கே போறே" என்பது "போறே" என்று மட்டும் கேட்கும். எதுவும் ஒலிக்காமல் ஐந்து விநாடி போனால் வயர்ப்ளம்பர் கார்டை உறங்க வைக்கிறது. மறுபடி ஒலி வரும்போது ரிசீவர் புதிய சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில் போவதுதான் முதல் சொல். உறக்க நேரத்தைப் பூஜ்யம் என்று வைத்தால் கார்டு உறங்காது. எச்டிஎம்ஐ வெளியீட்டுக்கு மட்டும் இதைச் செய்திருக்கிறேன். அப்படியும் விழுங்கினால் கர்னலின் எச்டிஏ இயக்கியிலும் மின்சேமிப்பு ஒன்று தனியாக இருக்கிறது, அதையும் நிறுத்த வேண்டும். மேசைக் கணினியில் அந்த மின்சேமிப்பால் பெரிய லாபம் இல்லை.

எல்லா ஸ்பீக்கரும் பேசுகின்றன, ஆனால் வசனம் முதுகுப் பக்கம் கேட்கிறது என்றால், அது சேனல் வரிசை பிசகியது. அல்சாவின் 5.1 வரிசையில் முன் இரண்டுக்கு அடுத்துப் பின் இரண்டு, அதற்கப்புறம் நடுவும் சப்வூஃபரும். ஒலிக்கோப்புகளில் பொதுவாக முன் இரண்டுக்கு அடுத்து நடுவும் சப்வூஃபரும், கடைசியில்தான் பின். நடுவில் யாராவது மொழிபெயர்க்க மறந்தால் வசனம் பின்னால் போய்விடும். ஸ்பீக்கர்-டெஸ்ட் என்ற சிறிய கட்டளைக் கருவியை ஆறு சேனல், வேவ் வகை என்று கொடுத்து ஓட்டினால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்லும். முதலில் பைப்வயர் வழியாக ஓட்டிப் பாருங்கள். பிறகு பைப்வயரை நிறுத்திவிட்டு வன்பொருளுக்கு நேராக ஓட்டுங்கள். இரண்டிலும் சரியாக வந்தால் குற்றம் படம் ஓட்டும் செயலியில். அரை நாள் தேடலை இந்தச் சோதனை மிச்சப்படுத்தும்.

செயலி என்றதும், உலாவியை வைத்து 5.1-ஐச் சோதிக்காதீர்கள். இணையத்தில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை இரண்டு சேனல்தான். நான் எம்பிவி என்ற படம் ஓட்டும் செயலியை வைத்திருக்கிறேன். ஓடும்போது கோப்பில் எத்தனை சேனல், வெளியே போவது எத்தனை சேனல் என்று இரண்டையும் காட்டும். இரண்டு எண்களும் ஒன்றானால் நிம்மதியாக உட்கார்ந்து படம் பார்க்கலாம்.

ஸ்டீரியோவாகவே பதிவான பழைய படங்களுக்குப் பைப்வயர் தரும் வசதி என்னை மிகவும் சந்தோஷப்படுத்தியது. குறைந்த சேனல் ஒலியை அதிகச் சேனலுக்குப் பிரித்துத் தரும் அப்மிக்ஸ் என்ற அமைப்பில் பிஎஸ்டி என்றொரு முறை இருக்கிறது. இடது வலது இரண்டிலும் பொதுவாக இருப்பதை நடுவுக்கும், வேறுபடுவதைச் சற்றுத் தாமதித்துப் பின்னாலும் அனுப்புகிறது. பேச்சு பெரும்பாலும் பொதுவான பகுதியில்தான் இருக்கும் என்பதால், அப்பாவுக்குப் பழைய படத்திலும் நடு ஸ்பீக்கர் கிடைக்கிறது. சப்வூஃபருக்கு எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அனுப்புவது என்பதையும் நாமே வைக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பல்ஸ் வழியாக வரும் செயலிகளுக்கு ஒரு கோப்பு, மற்றவற்றுக்கு இன்னொன்று. இரண்டிலும் எழுதாவிட்டால் ஒரு செயலியில் சப்வூஃபர் உறுமும், இன்னொன்றில் ஊமையாக இருக்கும்.

அனலாக் கேபிளில் 5.1 வைத்திருப்பவர்கள் அல்சாவின் ஒலியளவுக் கருவியான அல்சாமிக்ஸரைத் திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுத்து, நடு, சப்வூஃபர், சரவுண்ட் எதன் கீழாவது எம்எம் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மௌனத்தில் இருக்கிறது. மூன்றே துளை உள்ள மதர்போர்டில் மைக் துளையும் லைன்-இன் துளையும் வெளியீடாக மாற வேண்டும். அதற்குச் சேனல் மோடு 6 என்று இருக்க வேண்டும்.

ஆப்டிகல் கேபிள்காரர்களுக்கு நல்ல சேதி குறைவு. அந்தக் கேபிளில் சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்தான் போகும். டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கினால் மட்டுமே ஆறு. டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான், அதன் புதிய வடிவமான இஏஆர்சி-யில் அது இல்லை. வாய்ப்பிருந்தால் கணினியை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ-யில் செருகுங்கள், எத்தனையோ தலைவலி அதிலேயே போய்விடும்.

பைப்வயரைத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். ஒருமுறை ஒழுங்காக அமைந்துவிட்டால் படம் முழுக்க ஒரு விக்கல் இல்லாமல் ஓடுகிறது. கணினிக்கு வேலை அதிகமாகித் திணறினால் கூட, பிடபிள்யூ-டாப் என்ற கருவியில் எந்தச் செயலி தடுமாறுகிறது என்று பிழைகளின் எண்ணிக்கையோடு பார்க்க முடிகிறது. நான் கேட்பது ஒன்றுதான். ஆறு சேனலில் ஓடிக்கொண்டிருந்த வெளியீடு இரண்டாகக் குறையும்போது திரையின் ஓரத்தில் ஒரு வரி அறிவிப்பு வர வேண்டும். மானிட்டர் பிடுங்கப்பட்டால் டெஸ்க்டாப்புக்கு உடனே தெரிகிறது, ஒலிக்கும் அந்த மரியாதை வேண்டும். அது வரும்வரை, இஎல்டி கோப்பைப் படித்து எல்பிசிஎம் எண்ணிக்கை இரண்டாக இருந்தால் எச்சரிக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, உள்நுழையும்போதே ஓடும்படி வைத்திருக்கிறேன்.