பெயரா, உருவமா: இசைக்கருவி லோகோவில் எது தாங்கும்?

இசைக்கருவி பிராண்டுக்கு லோகோ வரைய வழிகள் மூன்று: பெயரை மட்டும் எழுதுவது, ஓர் உருவம் வரைவது, இரண்டையும் சேர்ப்பது. திரையில் மூன்றும் அழகாகத்தான் தெரியும். மரத்திலும் பித்தளையிலும் ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும்.

முதலில் பெயர். ஃபெண்டர் கிட்டாரில் பெயர் ஹெட்ஸ்டாக்கின் (கழுத்தின் முனையிலுள்ள தலைப்பகுதி) நீளவாக்கில் ஓடுகிறது. பெரும்பாலான கிப்சன்களில் குறுக்கே நிற்கிறது. காரணம் ட்யூனர்கள், அதாவது தந்தியை முறுக்கும் திருகுகள். ஆறும் ஒரே பக்கம் இருந்தால் நீண்ட பட்டை காலியாகக் கிடைக்கும். பக்கத்துக்கு மூன்றாகப் பிரிந்தால் உச்சியில் மட்டுமே இடம். அங்கே 60 மி.மீ. அகலம் கிடைத்து, பெயரில் பன்னிரண்டு எழுத்து இருந்தால், இடைவெளியோடு சேர்த்து எழுத்துக்கு 5 மி.மீ.தான். ஆகவே நீளமான பெயருக்குக் குறுக்குவாட்டம் ஒத்துவராது.

கையெழுத்துப் பாணி கண்ணைக் கவரும், ஆனால் அதன் மெல்லிய இழைகள்தான் முதலில் சாகும். எழுத்தை மரத்தில் குடைந்து சிப்பி பதிக்க 0.8 மி.மீ. விட்டமுள்ள கட்டர் ஓடினால், உள்மூலை எதுவும் 0.4 மி.மீ. ஆரத்தைவிடக் கூராகாது. லேசரில் செதுக்கினால் மரத்தின் மென்வரியும் வன்வரியும் வேறு வேறு ஆழத்தில் கருகி, கோடு விட்டுவிட்டுத் தெரியும். டீகால் (அச்சிட்ட மெல்லிய படலம்) ஒட்டுவது மலிவு. ஆனால் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, கருமரத்தில் நிறமே காணாமல் போகும். அதன் மேல் முதல் லாக்கர் (பளபளப்பு வார்னிஷ்) பூச்சை ஈரம் சொட்ட அடித்தால் டீகால் சுருங்கிவிடும். பனிபோல் மூன்று நான்கு முறை தூவி, காய்ந்தபின் கனமாகப் பூச வேண்டும்.

உருவத்துக்கு நல்ல உதாரணம் யமஹாவின் மூன்று இசைக்கவைகள் (சுருதி பார்க்கத் தட்டும் இரு கிளை உலோகக் கவை). இசைக்கவை எந்தக் கருவிக்கும் பொது. பியானோவிலிருந்து டிரம்ஸுக்குப் போனாலும் சின்னம் பொய்யாகாது. (இசை நிறுவனத்தின் சின்னத்தில் கவைகள் வளையத்துக்குள் அடங்கும், மோட்டார் நிறுவனத்தில் வளையத்தைத் தொடும்.) கிட்டார் நிழலுருவத்தை லோகோவாக்கியவர் பின்னால் கீபோர்டு விற்கும்போது திண்டாடுவார். மேற்கத்திய இசைத்தாளில் வரும் ட்ரெபிள் கிளெஃப் (𝄞), எட்டாம் சுரக்குறி (♪) இரண்டையும் தொடவே வேண்டாம். ஊரில் பாதிப்பேர் வைத்திருக்கும் அடையாளத்துக்கு வர்த்தகச் சின்ன உரிமை கோருவது கடினம்.

சேர்க்கை, பெயரோடு நிற்கும் ஸ்டெயின்வேயின் லைர் (யாழ் போன்ற நரம்புக் கருவி) சின்னம் போல, பியானோவின் அகலத்தில் கம்பீரமாக உட்காரும். சிறு கருவியில் இரண்டுமே சுருங்கும். கிளாரினெட்டின் மவுத்பீஸில் (வாய்வைத்து ஊதும் முனை) ஒன்றுக்கே இடம் போதாது.

புது பிராண்டுக்கு எங்கள் தேர்வு: பெயரே லோகோ, அதன் ஓர் எழுத்தைத் திருத்தி உருவம். யாரும் அறியாத உருவம் தனியாக நின்றால் கடைக்காரர்கூடப் பெயர் சொல்லிக் கேட்க முடியாது. வரைந்ததும் கறுப்பில் மட்டும், 12 மி.மீ. அகலத்தில் அச்செடுத்துக் கை நீட்டும் தூரத்தில் பாருங்கள். எழுத்தின் உள்வட்டங்கள் அடைபட்டிருந்தால் தடிமனைக் குறையுங்கள். பை எம்பிராய்டரிக்கு 1 மி.மீ.க்குக் குறைந்த கோடு இல்லாத தனி வடிவம் வையுங்கள். ஒரே கோப்பை எல்லாவற்றுக்கும் அனுப்பினால் தையல்காரர் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடுவார்.