ஹட்டன்ல போஸ்டர் அடிக்கிற கடை, கடற்பஞ்சு படம் அருமையா வந்திருக்கு

எங்க தோட்டத்து ஸ்கூல் சயன்ஸ் எக்சிபிஷனுக்கு அந்தாட்டிக்கா கடலடியில இருக்கிற கடற்பஞ்சு படம் பெருசா தேவைப்பட்டுச்சு, ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட மாடியில இருக்கிற இந்த பிரிண்ட் கடையில குடுத்தேன். அஞ்சு ஸ்டாரும் தாராளமா குடுக்கலாம்.

படம் லேசுப்பட்டது இல்ல. பின்னால முழுக்க இருட்டுத் தண்ணி, முன்னால வெள்ளைக் கண்ணாடிப் பஞ்சு (கண்ணாடி மாதிரி சிலிக்கா முள்ளுங்களால ஆன கடற்பஞ்சு), அதோட வாய் விளிம்புல நூல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற நட்சத்திரமீன் கைங்க, உள்ளுக்குள்ள ஒரு சின்ன மீன். எனக்கு முக்கியமே அந்தச் சின்னதுங்கதான், ஏன்னா பிள்ளைங்க இதை ஏதோ செடின்னு நெனைச்சிட்டுப் போயிரக்கூடாது, அது ஒரு விலங்கு, அதை நம்பி இன்னும் எத்தனையோ உசுருங்க குடியிருக்குன்னு கண்ணால பாக்கணும். மொத சாம்பிள்ல இருட்டு ஏறி அந்தக் கைங்க மறைஞ்சே போச்சு. நான் வாயத் தொறக்க முந்தியே கடைத் தம்பி "டீச்சர் இது சரியில்ல, கொஞ்சம் இருங்க"ன்னு நிழல் இருந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கித் திரும்ப அடிச்சார், அதுக்குத் தனியா சல்லி வாங்கல.

கீழ போட வேண்டிய விளக்கத்தையும் பிழையில்லாம டைப் பண்ணிக் குடுத்தாங்க. சில கண்ணாடிப் பஞ்சு 2 மீட்டர் உசரம் வரைக்கும் வளரும், சில மீனுங்க அதுக்குள்ளயே முட்டை விடும், பஞ்சு செத்தாலும் அதோட சிலிக்கா முள்ளுங்க கடலடியில மெத்தையாப் படிஞ்சு அதுலயும் வேற உசுருங்க வாழும். 1995ல அந்தாட்டிக்காவுல லார்சன் ஏங்கிற மிதக்கிற பனித்தட்டு ஒடைஞ்ச எடத்துல 2007க்கும் 2011க்கும் இடையில பஞ்சுங்க எண்ணிக்கை மூணு மடங்காச்சு, மெதுவாத்தான் வளரும்னு நெனைச்சிருந்த ஆராய்ச்சிக்காரங்களே அசந்துட்டாங்க. வட துருவத்துப் பக்கம் கராசிக் கடல்மலையில இருக்கிற பஞ்சுங்களுக்கு சராசரி வயசு 300 வருஷமாம், இதைப் படிச்சிட்டு தம்பியே வேலைய நிப்பாட்டிட்டு இன்னும் படம் இருக்கான்னு கேட்டார்!

லெமினேட் பண்றப்ப மெட் போடச் சொல்லுங்க, பளபளன்னு இருக்கிறதுல லைட் பட்டா சின்ன விவரம் எதுவும் தெரியாது. ஓரத்துல ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலா விட்டு ஒட்டச் சொல்லுங்க, நம்ம ஊரு மூடுபனிக்கு ஈரம் உள்ள போயிரும். விலை மத்த கடைய விட கொஞ்சம் கூடத்தான், பின்னேரம் போனா கூட்டம், நிக்கணும். ஃபைலை வாட்ஸப்ல அனுப்பாம பென் டிரைவ்ல கொண்டு போங்க, வாட்ஸப் படத்தை நசுக்கிரும். போயாவுக்கு (பௌர்ணமி லீவுக்கு) கடை பூட்டு.