டாம் அண்ட் ஜெர்ரி கோல்டன் கலெக்‌ஷன், முதல் தொகுதி: புளூரே விமர்சனம்

1940 முதல் 1948 வரையிலான முதல் 37 குறும்படங்கள், வெளியான வரிசையிலேயே, இரண்டு வட்டுகளில். முதல் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: பூனையின் பெயர் டாம் இல்லை, ஜாஸ்பர்! உடம்பெல்லாம் முடி, நிஜப் பூனை மாதிரியே நாலு காலில் நடை. எலிக்குப் படத்தில் பெயரே கிடையாது. டைட்டிலில், இவர்களை உருவாக்கிய ஹன்னா, பார்பரா பெயர்கள் வராது. தயாரிப்பாளர் ருடால்ஃப் ஐசிங் பெயர் மட்டும்தான். முதன்முதலில் ஆஸ்கர் வாங்கித் தந்த 1943 படமும் இதில் உண்டு.

படம் பழைய டிவி மாதிரி 4:3 அளவு (அகலம் 4, உயரம் 3). டிவியை ஸ்ட்ரெட்ச்சில் வைத்தால் டாம் குண்டாகிவிடும். ஜூமில் வைத்தால் காது வெட்டுப்படும். ஒரிஜினல் அளவுக்கு மாற்றி, மோஷன் ஸ்மூத்திங்கையும் (அசைவை வழவழப்பாக்க டிவி தானாகவே இடையில் படங்களைச் சேர்க்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேகமான துரத்தலில் கோடுகள் குழையும். இரண்டாம் தொகுதி வராமலே போனதுதான் பெரிய இழப்பு.