வாய்க்காலா, இட்டேரியா: முழங்கால் ஆபரேஷன் ஆன நாய்க்கு எது ஒத்துவரும்?

ஆபரேஷன் முடிந்து கருப்பனைத் தோட்டத்துச் சாளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே யோசனைகள் வரிசை கட்டிவிட்டன. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "ஏஞ்சாமி, வாய்க்கால்ல எறக்கி உட்டுப் பாரு, நாலே நாள்ல காலு செரியாப் போயிரும்" என்றார். கோயமுத்தூரிலிருந்து மச்சான், தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் ட்ரெட்மில் வீடியோ ஒன்றை அனுப்பி, "இதத்தான் பண்ணோணும் மாப்ள" என்றான். அம்மாவுக்கு ஒரே தீர்ப்புதான்: "ரெண்டு மாசத்துக்குக் கட்டிப் போடு, எங்கயும் உடாத." டாக்டர் சொன்னது இவை எல்லாவற்றையும்விடச் சப்பென்று இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்துங்கள் என்றார், அவ்வளவுதான். அதற்கு எங்களிடம் இருப்பது இட்டேரி, தோட்டங்களுக்கு நடுவே வேலியோரம் போகிற மண்தடம்.

நான்கில் எதை எடுப்பது என்று பார்க்குமுன் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியவேண்டும். கருப்பன் 30 கிலோ லேப்ரடார். பின்னங்கால் முட்டியில் லிகமென்ட், அதாவது எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கிற நார், அறுந்துவிட்டது. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். லிகமென்ட் போனால், காலை ஊன்றுகிற ஒவ்வொரு முறையும் அந்த எலும்பு முன்னால் வழுக்கும். அந்தச் சரிவைச் சமன் செய்ய எலும்பையே அறுத்து, திருப்பி, பிளேட் வைத்து முடுக்கியிருந்தார்கள். அறுத்த எலும்பு கூடுவதற்குச் சுமார் 8 வாரம் ஆகும். அதுவரை எலும்புக்கு ஓய்வு வேண்டும், தொடைச் சதைக்கோ வேலை வேண்டும். தகராறே இங்கேதான்.

அம்மாவின் கட்சியை முதலில் பார்த்துவிடுவோம். பாதி சரி, பாதி தப்பு. ஓய்வு கட்டாயம் வேண்டும். ஆனால் சங்கிலியில் கட்டிப்போடுவது ஓய்வே இல்லை. வண்டித்தடத்தில் ஒரு டிவிஎஸ் போனால் போதும், சங்கிலி நீளத்துக்கு எகிறி, வெட்டி இழுபட்டு நிற்கும். அதனால் ஆட்டுப்பட்டிக்கு வைத்திருந்த படலை எடுத்து, திண்ணை ஓரமாக ஆறடிக்கு ஆறடி அடைப்பு போட்டோம். தரை டைல்ஸ் என்பதால் கறவை மாட்டுக்கு விரிக்கிற ரப்பர் மேட்டை உள்ளே போட்டேன். ஜமுக்காளம் விரித்தால் நாயோடு சேர்ந்து அதுவும் வழுக்குகிறது. ஆனால் வெறும் அடைப்பு மட்டும் போதாது. இரண்டாவது வாரம் தையல்கார அக்காவின் டேப்பை வாங்கி இரண்டு தொடையையும் அளந்தேன். ஆபரேஷன் ஆன பக்கம் 3 சென்டிமீட்டர் குறைவு. ஊன்றாத கால் அவ்வளவு வேகமாகச் சூம்பிப் போகிறது.

அடுத்து வாய்க்கால். கீழ்பவானி வாய்க்கால் எங்கள் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம். பெரியவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு, தண்ணீரில் உடம்பு மிதப்பதால் மூட்டில் பாரம் விழாது. ஆனால் நீந்துகிற நாயை ஒருநாள் கரையில் நின்று கவனித்துப் பாருங்கள். வேலையில் பெரும்பங்கை முன்னங்கால்தான் செய்கிறது. பின்னங்கால் நன்றாக மடங்குகிறதே தவிர, நடக்கும்போது பின்னால் நீள்கிற அளவுக்கு நீள்வதில்லை. நமக்கு வேண்டியது அந்த நீட்டல்தான். அதைவிடப் பெரிய ஆபத்து இறங்குகிற இடத்திலும் ஏறுகிற இடத்திலும் இருக்கிறது. கான்கிரீட் போட்ட சரிவில் பாசி பிடித்திருக்கும். பயத்தில் உதைத்து ஏறும்போது மொத்தப் பாரமும் அந்தக் காலில்தான் விழும். ஆறு வாரம் பத்திரமாகக் காத்த எலும்பு அங்கே ஒரு நொடியில் போய்விடலாம். தையல் பிரித்துப் புண் முழுசாக ஆறும்வரை, அதாவது குறைந்தது இரண்டு வாரத்துக்கு, எந்தத் தண்ணீரும் படக் கூடாது என்பது தனி. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சரி சொன்ன பிறகு, மண்சரிவான கரையில், லைஃப் ஜாக்கெட் மாட்டி இறக்குவது வேறு விஷயம். ஆரம்பத்தில் கூடவே கூடாது.

மச்சானின் ட்ரெட்மில்தான் இந்த நான்கில் அறிவாளி. நீச்சலில் இருக்கிற மிதப்பும் கிடைக்கிறது, நடையில் இருக்கிற கட்டுப்பாடும் கிடைக்கிறது. தண்ணீர் எந்த உயரம் என்பதில்தான் சூட்சுமம். நாய்களை நிறுத்தி அளந்து பார்த்திருக்கிறார்கள். கணுக்கால் வரை தண்ணீர் இருந்தால் உடல் எடையில் 91% இன்னும் காலில்தான் இறங்குகிறது. முட்டி வரை என்றால் 85%. இடுப்பு மூட்டு வரை ஏறினால் 38% ஆகிவிடுகிறது. அதாவது கருப்பனின் 30 கிலோ பதினொன்றரைக் கிலோவுக்குக் கீழே வந்துவிடும். இதைப் படித்த பிறகுதான் நான் போட்டுவைத்திருந்த ஒரு திட்டத்தைக் கைவிட்டேன். கொப்பு வாய்க்காலில், அதாவது கிளை வாய்க்காலில், முழங்கால் தண்ணீரில் நடத்தினால் பாரம் பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பாதி எங்கே, ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் குறையும். காலைத் தூக்கி வைக்கிற சிரமம்தான் கூடும். சதை ஓரளவு தேறிய பிறகு அந்தச் சிரமமே நல்ல பயிற்சி, முதல் மாதத்தில் இல்லை.

ட்ரெட்மில்லின் குறை தூரமும் காசும்தான். பெருநகரங்களில் சில இடங்களில்தான் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை போகவேண்டும் என்றால், காருக்குள் எகிறி ஏறாமல் 30 கிலோவைத் தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும். பக்கத்தில் வசதி இருந்து, கையிலும் காசிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். வயதான நாய், கனத்த நாய், இரண்டு காலும் போன நாய் என்றால் கடன் வாங்கியாவது போகலாம் என்பேன்.

மற்றவர்களுக்கு இட்டேரி நடைதான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மண்தடம். தார் ரோடு மாதிரி சுடாது, டைல்ஸ் மாதிரி வழுக்காது. முதல் இரண்டு வாரம் ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும், தடவைக்கு ஐந்து நிமிஷம். வயிற்றுக்கடியில் திருப்பூர் பனியன் துணியை நாலாக மடித்துக் கொடுத்து மேலே பிடித்துக்கொண்டோம், சறுக்கினால் தாங்குவதற்கு. அதன்பின் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டினோம்.

இதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது வேகம் பற்றியது. நம் சாதாரண நடைக்கு நாய் வந்தால் அதற்கு அது ஓட்டம். ஓட்டத்தில் மூன்று காலில் தத்தித் தத்திச் சமாளித்துவிடும், நோவுகிற காலைத் தூக்கியே வைத்துக்கொள்ளும். கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி நடந்தால் அந்த வித்தை பலிக்காது, நான்கு காலையும் வரிசையாக ஊன்றித்தான் ஆகவேண்டும். கருப்பனின் பாதம் மண்ணில் பதிகிறதா என்று தடத்தைத் திரும்பிப் பார்ப்பேன். முதலில் நகம் மட்டும் கீறிய கோடு. நான்காவது வாரம் நான்கு விரலும் பதிந்த முழு அச்சு.

வீட்டுக்குள் செய்கிற சில்லறைப் பயிற்சிகளை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு அவைமேல் மரியாதை அதிகம். உட்காரவைத்து எழுப்புவது நமக்குத் தோப்புக்கரணம் மாதிரி. நாய் தானாக உட்கார்ந்தால் கெட்ட காலை வெளியே தள்ளிச் சாய்ந்து உட்காரும். கெட்ட பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினால் சாய இடமிருக்காது. ஐந்து தடவை போதும், அதற்கு மேல் போனால் ஏமாற்ற ஆரம்பிக்கும். இன்னொன்று, களத்தில் முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பைத் தரையோடு தரையாக ஆறு துண்டு போட்டு மெதுவாகத் தாண்டவைப்பது. தாண்டல் என்றால் குதியல்ல, ஒவ்வொரு காலாக எடுத்து வைப்பது. இது ஆறாவது வாரத்துக்கு அப்புறம்தான்.

எந்தப் பயிற்சியானாலும் அளவு பார்க்க ஒரே கணக்கு: அன்று பொழுதோடவோ மறுநாள் விடியற்காலையிலோ நொண்டல் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். பாதியாகக் குறைக்கவேண்டும். நம் அலமாரியில் இருக்கிற வலி மாத்திரையைக் கொடுத்து மறைக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக்கும் இபுப்ரோஃபெனும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் அப்படியே எல்லா நாய்க்கும் பொருத்தவும் முடியாது. டாஷ்ஹண்டுக்கு முதுகுத்தண்டு டிஸ்க் பிதுங்கியிருந்தால் அம்மா கட்சிதான் ஜெயிக்கும், நான்கு வாரம்போல அடைப்புக்குள்ளேயே இருக்கவேண்டும். இடுப்பு மூட்டின் பந்து எலும்பை எடுத்துவிட்ட நாய்க்கு நேர் எதிர், சீக்கிரம் நடக்கவைக்காவிட்டால் இறுகிப்போகும். ஆகவே எந்த ஆபரேஷன் என்று பேரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வாரம் நடை நன்றாக வந்துவிட்டதே என்று களத்தில் இரண்டு நிமிஷம் கயிற்றைக் கழற்றினேன். தென்னந்தோப்பிலிருந்து மயில் ஒன்று இறங்கியது. கருப்பன் பாய்ந்தான், திரும்பினான், கத்தினான். பிளேட் நகரவில்லை என்று எக்ஸ்ரே காட்டியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் பத்து நாள் பின்னால் போய்விட்டோம், மறுபடியும் ஐந்து நிமிஷ நடையிலிருந்து.

இப்போது பதினாலாவது வாரம். டேப்பில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. மயில் தினமும் வருகிறது. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் இட்டேரியில் இறங்குகிறேன்.