பட்டயத்தை எடுப்பதா, உறையில் போடுவதா?

கிறிஸ்தவன் போருக்குப் போகலாமா என்று தஞ்சாவூரில் எங்கள் கோயில் வாசலில் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சிதான்.

ஒன்று, நீதிப்போர். ஆதிச்சபை போதகர் அகஸ்டின் தொடங்கியதை 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் மூன்று நிபந்தனைகளாக வகுத்தார்: ஆளும் அதிகாரத்தின் ஆணை, நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். யோவான் ஸ்நானகனும் போர்ச்சேவகர்களை வேலையை விடச் சொல்லவில்லை. யாரையும் இடுக்கண் செய்யாமல், சம்பளம் போதும் என்று இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். சரி, தன் காரணம் அநியாயம் என்று எந்த ராஜா ஒப்புக்கொண்டான்?

மற்றது, எந்தப் போரும் வேண்டாம் என்னும் குவேக்கர், மென்னோனைட் சபைகளின் வழி. பேதுருவையே இயேசு பட்டயத்தை, அதாவது வாளை, உறையில் போடச் சொன்ன பிறகு வாதம் எதற்கு என்பார்கள். என் மனசு இந்தப் பக்கம்தான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையை வெட்ட ஒருவன் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இங்கே ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1779-இல் சமாதானம் பேச ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியைப் பார்த்தார். அனுப்பியது கிழக்கிந்தியக் கும்பினி, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் போர் வந்தது. ஹைதரின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்து பஞ்சம் வந்தபோது, முன்பே வாங்கி வைத்திருந்த அரிசியைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார்.