ஊராட்சித் தண்ணித் தொட்டிக்கு சோலாரா, புது மோட்டாரா?

ஊராட்சி கரண்ட் பில்லைக் குறைக்கணும் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது தெருவிளக்கு. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 40 வாட் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்.இ.டி. மாட்டினால் அந்தச் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். முடிவெடுக்கத் திணறுவது குடிதண்ணி மோட்டாரில்தான். நாங்குநேரி பக்கம் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக நானும் இருந்து பேசி முடித்த விஷயம் இது. போர் மோட்டார் ஓட சோலார் பேனல் போடுவதா, மோட்டாரையே மாற்றுவதா? இரண்டுக்கும் சேர்த்து நிதி இல்லை. மோட்டாரை மாற்றினோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சோலாரின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு 1,400, 1,500 யூனிட் வரை தரும். குடிதண்ணிக்கு பேட்டரியும் வேண்டாம். பகலில் ஏற்றி வைத்த தண்ணியை மறுநாள் காலை திறந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் உற்பத்தி குறையும், ஆனாலும் அதற்காக மட்டும் சோலாரைத் தள்ள மாட்டேன்.

தள்ளியதற்குக் காரணம் வேறு. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எப்படி இருந்தது என்று முதலில் பார்த்தோம். தொட்டி ஆபரேட்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணாச்சி, மோட்டாரு நல்லாத்தான் ஓடுது, தண்ணிதான் ஏற மாட்டேங்கு." இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. தொட்டி காலியானதும் வெளியே போகும் வால்வை அடைத்துவிட்டு மீட்டரில் யூனிட்டைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போட வேண்டும்; நிரம்பியதும் மறுபடி குறிக்க வேண்டும்.

கணக்கு இப்படி. 60,000 லிட்டர் தொட்டி. மோட்டார் ஓடும்போது போரில் தண்ணி மட்டம் 40 மீட்டர் ஆழம், தொட்டி உயரம் 15 மீட்டர், குழாய் உராய்வுக்கு 5 மீட்டர், ஆக 60 மீட்டர். அவ்வளவு தண்ணியை அவ்வளவு உயரம் தூக்க, நஷ்டமே இல்லையென்றால், சுமார் 10 யூனிட் போதும். நல்ல மோட்டாரும் பம்பும் சேர்ந்து 20, 22 யூனிட்டில் முடிக்கும். 40 யூனிட் ஆனால் முக்கால்வாசி கரண்ட் வீணாகிறது என்று அர்த்தம். தினம் ஒரு தொட்டி என்றால் நல்ல பம்புக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசமே வருஷத்துக்கு 6,500 யூனிட்டைத் தாண்டும். நாலு கிலோவாட் பேனல் தருவதை விட அது அதிகம். தேய்ந்த பம்புக்கு சோலார் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய வாளியால் தண்ணி ஊற்றுகிற மாதிரி. ஒரு எச்.பி.க்குச் சுமார் ஒரு கிலோவாட் பேனல் வேண்டும்; மோட்டார் 10 எச்.பி.யிலிருந்து 7.5க்கு இறங்கினால் பிற்பாடு போடும் சோலார் செலவும் இறங்கும்.

கடையில் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதுதான். 1990 முதல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்பதால் யூனிட்டைப் பற்றிக் கேட்கும் பழக்கமே இந்தப் பக்கம் வளரவில்லை என்று நினைக்கிறேன். ஊராட்சிக்கு மீட்டர் ஓடுகிறது. எச்.பி.யைச் சொல்லாமல், "இத்தனை மீட்டர் உயரத்துக்கு, நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர்" என்று கேளுங்கள். 100 மீட்டர் உயரம் தூக்கச் செய்த பம்பை 60 மீட்டர் மட்டும் தூக்கப் போட்டால் தண்ணி கொட்டும். அதோடு ஆம்பியரும் ஏறும், மோட்டார் சூடாகும். ஸ்டார் முத்திரை இருப்பது நல்லதுதான், ஆனால் உயரம் பொருந்தாவிட்டால் அந்த ஸ்டாருக்குப் பலனில்லை.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. குடிதண்ணி நின்றால் மறுநாளே குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். மோட்டார் போனால் வள்ளியூரிலோ களக்காட்டிலோ வைண்டிங் கடை இருக்கிறது. கழற்றி ஏற்ற ஆளும் உண்டு. சோலார் கன்ட்ரோலர் போர்டு போனால் போட்ட கம்பெனியின் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி வாரக்கணக்கில் பேனல் சும்மா வெயில் காய்ந்தது. பேனலைத் துடைக்கவும் ஆள் வேண்டும். திசையன்விளை பக்கம் தேரி (செம்மணல் மேடு) மணல் பறக்கும் காற்றுக் காலத்தில் அது லேசான வேலை இல்லை.

மோட்டாருக்கும் பராமரிப்பு ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. வைண்டிங் கடையில் பழைய கம்பியின் கேஜ் (தடிமன்), சுற்று எண்ணிக்கை இரண்டும் மாறாமல் கட்டச் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பியில் கட்டினால் செலவு குறையும், மோட்டார் ஓடவும் செய்யும், ஆனால் மிச்சம் பிடித்த யூனிட் திரும்பப் போய்விடும். பம்புக்குள் தண்ணியைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரும், தண்டைத் தாங்கும் புஷ்ஷும் மணலில் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றணும். மோட்டாருக்குள் சுத்தமான தண்ணி நிரப்பாமல் போரில் இறக்கவே கூடாது. எங்கள் ஆபரேட்டரிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம்: தேதி, யூனிட், தொட்டி நிரம்பிய நேரம். ஒரு தொட்டிக்கான யூனிட் ஏற ஏற, பம்ப் தேய்கிறதா, போரில் மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் நான் வேலை பார்த்ததில்லை. உவரி மாதிரி ஊர்களில் உப்புக்காற்று பேனல் சட்டத்தையும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்பதை அங்கேயே விசாரியுங்கள். தாமிரபரணிக்குள் உறைகிணறு வைத்திருக்கும் ஊராட்சிகளுக்கும் கணக்கு வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யூனிட் கணக்குக்கு முன்னால் ஸ்டார்ட்டரை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்றுதான் பார்ப்பார்கள்.

மின் லைன் போகாத ஒதுக்குப்புறக் குடியிருப்பு என்றால் தயங்காமல் சோலார் போடுங்கள். அங்கும் தண்ணி மட்டத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் பம்பை எடுத்த பிறகே பேனலுக்கு விலை கேளுங்கள். எங்களுக்கு அடுத்த நிதி வந்தால் சோலார்தான், ஆனால் ஐந்து வருஷப் பராமரிப்பும், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரணும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும்.