ஃபேன் ஓடும் கூடத்தில் தவில் அடித்தால்: வீட்டு ஸ்பீக்கருக்கு எந்த டிரைவர்?

வேலூரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஃபேன் நிற்காது. வெளிநாட்டு ஹை-ஃபை கட்டுரைகளைப் படித்துவிட்டு டிரைவர், அதாவது ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் உறுப்பு, வாங்கக் கிளம்புகிறவர்கள் கணக்கில் விடுவது இதைத்தான். அந்தக் கட்டுரைகளில் வருவது ஜன்னல் சாத்திய, நிசப்தமான அறை. நம் கூடத்தில் ஃபேன் வேகமாகச் சுற்றினாலே 45, 50 டெசிபல் வந்துவிடும். ஆற்காடு ரோட்டு ஹாரன் தனிக்கணக்கு. நாகஸ்வர ஆலாபனையில் மூச்சடக்கி வாசிக்கும் இடம் காதில் விழ வேண்டுமென்றால் அது 55 டெசிபலாவது இருக்க வேண்டும். அழுத்திப் பிசையாத நல்ல பதிவாக இருந்தால், தவில் சேரும்போது அதற்கு மேல் 40, 45 டெசிபல் எகிறும். ஆக, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு நொடியின் துணுக்குக்கு 100 டெசிபல் தேவை. நாள் முழுக்க அல்ல, அந்த அடி விழும் கணத்துக்கு மட்டும்.

டைனமிக் ரேஞ்ச் என்பது இந்த இடைவெளிதான். சி.டி.யில் 96 டெசிபல் வரை இடம் இருக்கிறது. நம் வீட்டில் அடிமட்டத்தை ஃபேன் தூக்கிவிடுகிறது, அதனால் உச்சத்தையும் தூக்க வேண்டியிருக்கிறது. எந்த டிரைவர் அந்த உச்சத்தைச் சலனமில்லாமல் தரும் என்பதே கேள்வி. "எத்தனை வாட்?" என்று தொடங்குகிற பேச்சு பெரும்பாலும் வழி தவறிப் போகும். பி.எம்.பி.ஓ. என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஊதிப் பெருக்கிய வாட் எண்ணைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முதல் கட்சி, எல்லாரும் முதலில் நினைப்பது: கீழ்ச்சுருதிக்கு 6.5 அங்குல வூஃபர், அதோடு மேல்சுருதிக்கு 1 அங்குலப் பட்டு டோம் ட்வீட்டர். ஸ்கேன்-ஸ்பீக், சியாஸ், எஸ்.பி. அகௌஸ்டிக்ஸ் எல்லாம் இதில் அருமையான சரக்கு தருகிறார்கள். சென்சிட்டிவிட்டி 85 முதல் 88 டெசிபல். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று பொருள். சின்னப் பெட்டியில் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், குரல் இழையும்.

இரண்டாவது கட்சி மேடைக்காரர்களுடையது: 12 அங்குல வூஃபர், மேல்சுருதிக்கு ஹார்ன் என்கிற புனலின் வாயில் பூட்டும் கம்ப்ரஷன் டிரைவர். பி அண்ட் சி, பெய்மா, எய்ட்டீன் சவுண்ட் போன்றவை. வூஃபர் 96, 97 டெசிபல். ஹார்னில் பூட்டிய டிரைவர் 107, 108 வரை போகும்.

கணக்குப் போடுவோம். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அறைச்சுவர் திருப்பித் தருவது போக, சுமார் 6 டெசிபல் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 டெசிபல் திருப்பித் தரும். காதில் 100 வேண்டுமென்றால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு மீட்டரில் 103 தர வேண்டும். 86 டெசிபல் வூஃபருக்கு இதற்கு 50 வாட், 97 டெசிபல் வூஃபருக்கு 4 வாட். இன்னும் 6 டெசிபல் இடம் விட்டு வைத்தால் 200 வாட், 16 வாட். பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கினால் போச்சு என்று தோன்றும். இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஒன்று, சூடு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். டிரைவரின் கூம்பான கோனை ஆட்டும் செம்புக் கம்பிச் சுருள்தான் வாய்ஸ் காயில்; அது 150 டிகிரி கூடுதலாகச் சுட்டால் தடை ஏறத்தாழ 1.6 மடங்கு ஆகும். கரன்ட் அந்த அளவு குறையும், சத்தத்தில் கிட்டத்தட்ட 4 டெசிபல் காணாமல் போகும். பாட்டு உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்து ஸ்பீக்கர் குரலைத் தாழ்த்துகிறது என்றால் நாம் எதற்குச் செலவழித்தோம்? மேடை வூஃபரில் காயில் 65 முதல் 100 மி.மீ. விட்டம், அதுவும் சின்ன வூஃபர் வாங்கும் வாட்டில் கால் பங்குகூட வாங்குவதில்லை. சூடே ஏறாது.

இரண்டு, கோன் நகரும் தூரம். ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸுக்கு, போனால் அதே சத்தத்துக்கு நாலு மடங்கு நகர வேண்டும். 6.5 அங்குல கோனின் பரப்பு சுமார் 135 சதுர செ.மீ. அது 5 மி.மீ. முன்னும் பின்னும் நகர்ந்தால், மூடிய பெட்டியில், 50 ஹெர்ட்ஸில் 93 டெசிபலோடு முடிந்தது. 500 வாட் கொடுத்தாலும் அவ்வளவுதான், மீதி எல்லாம் கரகரப்பு. 12 அங்குல கோன் 530 சதுர செ.மீ., 6 மி.மீ. நகர்ந்தால் 106. வாட்டால் வாங்க முடியாததைப் பரப்பு வாங்கித் தருகிறது.

அதற்காக மேடை வூஃபரைக் கண்மூடி வாங்கச் சொல்லவில்லை. கே.எல்.ஹெச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் 'ஹெச்', அதாவது ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி உண்டு: சின்னப் பெட்டி, ஆழ பேஸ், நல்ல சென்சிட்டிவிட்டி, மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். 12 அங்குல மேடை வூஃபர் 50, 60 லிட்டர் பெட்டியில்கூட 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். பேஸ் கிட்டாரின் திறந்த கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் சினிமாப் பாட்டுப் பிரியர் என்றால் தனி சப்வூஃபர் வைக்காமல் தீராது. சாத்துவாச்சாரியில் பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் இத்தனை மரச்சாமானா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே ஹார்ன் வூஃபரின் நடுவிலேயே உட்காரும் 12 அங்குல கோஆக்ஸியல் பொருந்தும். பக்கத்தில் உட்கார்ந்தாலும் சத்தம் ஒரே புள்ளியிலிருந்து வரும்.

மூன்றாவது கட்சி, எல்லாச் சுருதியையும் ஒரே கோனில் தரும் 8 அங்குல ஃபுல்ரேஞ்ச். ஃபாஸ்டெக்ஸ் மாதிரி. சுருதியைப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவரே கிடையாது, 93 டெசிபல் சொச்சம். ஒற்றைக் குரலும் வீணையும் இதில் கேட்டால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் கோன் ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் நகராது. செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்துப் பதிவு ஒன்றைப் போடுங்கள். மிருதங்கத் தொப்பி அதிரும்போதெல்லாம் முகவீணையின் குரல் கூடவே நடுங்கும், இரண்டையும் சுமப்பது ஒரே கோன் என்பதால். இந்த வேலைக்கு இது ஆகாது. சின்ன டிரைவர்களை வரிசையாக அடுக்கும் யோசனையும் உண்டு. பற்றவைப்பும் செலவும் கூடும், மேல்சுருதி சிதறும். விட்டுவிடலாம்.

பழுது பார்ப்பதிலும் மேடைச் சரக்குக்கு ஊரில் ஆள் இருக்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் மைக் செட் சர்வீஸ் கடைப் பக்கம் போனால் மேஜை முழுக்கக் கோன் கிழிந்த வூஃபர்கள் குவிந்திருக்கும். பழைய வூஃபர் வாங்கும்போது அங்கே சோதிப்பது இப்படி: இரண்டு கை விரல்களையும் கோனைச் சுற்றிப் பரப்பி, சமமாக அழுத்தி, காதைப் பக்கத்தில் வைப்பார்கள். சரசரவென்று உரசினால், "காயில் தட்டுது தம்பி, கோன் மாத்தணும்." ஹார்ன் டிரைவரின் டயாபிரம் (அதிரும் தகடு) போனால் நாலு திருகைக் கழற்றிப் புதிதைப் போட்டுவிடலாம். ஐரோப்பிய டோம் போனால் புது யூனிட்டுக்குக் கூரியரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அதே கடையில் குழாய் ஸ்பீக்கருக்குப் போடும் யூனிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். அது அறிவிப்புக் குரலுக்கென்று செய்தது, ஜால்ராவின் மினுக்கம் அதில் வராது.

என் தேர்வு 12 அங்குலமும் ஹார்னும். ராத்திரி ஏ.சி. அறையில் ஒரு கஜ தூரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பவருக்கு 6.5 அங்குலமே போதும், இந்த வம்பெல்லாம் வேண்டாம். 15 அங்குலம் வேண்டாமா என்றால், ஒலி அலையின் நீளம் கோன் விட்டத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து சத்தம் டார்ச் லைட் மாதிரி குவிய ஆரம்பிக்கும். 12 அங்குலத்துக்கு அது 1300 ஹெர்ட்ஸ், 15-க்கு 1040. ஒரு அங்குல வாய் உள்ள சாதாரண கம்ப்ரஷன் டிரைவர் 1300, 1500-லிருந்து நிம்மதியாக ஏற்றுக்கொள்ளும். 15-க்கு 1.4 அங்குல வாயும் பெரிய ஹார்னும் தேவை, செலவு சட்டென்று ஏறும்.

வாங்கும் முன் தீல்–ஸ்மால் அளவுகள் கேளுங்கள், வூஃபருக்கு எந்த அளவுப் பெட்டி பொருந்தும் என்று கணக்கிட உதவும் எண்கள் அவை. 1961-ல் நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி, எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் முழுமையாக்கிய கணக்கு அது. அது இல்லாத வூஃபருக்குப் பெட்டி அடிப்பது குருட்டாம்போக்கு.

அப்புறம் ஆம்ப். 108 டெசிபல் ஹார்னை நேராக மாட்டினால் பாட்டு நின்ற இடத்தில் ஆம்பின் 'உஸ்ஸ்' கேட்கும். வூஃபரோடு சமப்படுத்த எப்படியும் 11 டெசிபல் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பை ஆம்புக்கு முன்னால் செய்யாமல், ஹார்னுக்கு முன்னால் ரெசிஸ்டர் வைத்துச் செய்யுங்கள். 'உஸ்ஸ்' சத்தமும் 11 டெசிபல் இறங்கிவிடும்.